அத்தானுக்காக நான் சொன்ன பதில்

மும்பையில், சயான் சர்க்கிளில் செம்பூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது தேங்காய்ச் சட்னியின் வாசனை வந்தது. திரும்பிப் பார்த்தேன். ரோட்டோரம் ஒரு பெரிய அலுமினியப் பாத்திரம் கவிழ்ந்து கிடந்தது. இட்லிகள் வண்டிச் சக்கரங்களில் நசுங்கிக்கொண்டிருந்தன. சாய்ந்து கிடந்த சைக்கிளுக்குப் பக்கத்தில், இரண்டு கைகளையும் தரையில் அழுத்தி உட்கார்ந்திருந்தவர் என் அக்காவின் புருஷன். தரை எங்கோ போய்விடப் போகிறது, அதைப் பிடித்து வைத்திருக்கிறார் என்பது போல இருந்தது அந்த உட்கார்ந்திருப்பு. காலங்காத்தாலேயே குடித்திருக்கிறான் என்று யாரோ இந்தியில் சொல்லிவிட்டுக் கடந்து போனார்கள். நான் ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன். அத்தான் தலையைத் தூக்காமலே கேட்டார்: “ஏ பிள்ள, ரோடு நிக்குதா, சுத்துதா?” அவர் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்து நான் சிரித்துவிட்டேன்.

அத்தான் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இளவட்டமாகத் தாராவிக்கு வந்தவர். விடிவதற்கு முன்பே அக்காவோடு சேர்ந்து இட்லி அவித்து, வடை சுட்டு, பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சயான், மாட்டுங்கா, கிங்ஸ் சர்க்கிள் என்று சுற்றி முடிக்கப் பத்தரை மணி ஆகும். ஹாரனை இரண்டு முறை அமுக்கினால் எந்தக் கட்டடத்தின் எந்த ஜன்னல் திறக்கும் என்று அவருக்குத் தெரியும். இந்த ஊரில் அவருக்குக் கிடைத்த மரியாதையெல்லாம் அந்தச் சைக்கிளின் மேல் இருந்தபோது கிடைத்ததுதான். அதனால்தானோ என்னவோ, தலைசுற்றல் வந்த விஷயத்தைப் பல மாதங்கள் அக்காவிடம்கூட மறைத்தார். படுக்கையில் புரண்டால் சுற்றும், மேல்மாடியைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினால் சுற்றும். தெரு டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஒரு வாரம் நிற்கும், பிறகு திரும்ப வரும். கூடவே இருந்த கழுத்துவலிக்கு, கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்று இன்னொருவர் சொன்னார். “தலை சுத்துதுன்னு வெளிய தெரிஞ்சா எவன்ட்டி எங்கிட்ட சாப்புடுவான்? சீக்காளின்னுல்லா நெனைப்பான்” என்று என்னிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

நான் அப்போது செம்பூரில் ஒரு கைரோபிராக்டிக் கிளினிக்கில் ரிசப்ஷனிஸ்டாக இருந்தேன். முதுகெலும்பையும் கழுத்தையும் கையால் அழுத்தி, திருப்பி, நேராக்கும் வைத்தியம். மருந்து இல்லை, ஊசி இல்லை. அதைச் செய்கிற எங்கள் கிளினிக் டாக்டரை எங்கள் தெருவில் நெட்டி முறிக்கிற டாக்டர் என்பார்கள். நான் சார் என்பேன். சார் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. குனிய முடியாமல் வந்தவர்கள் தாமாகவே செருப்பு மாட்டிக்கொண்டு போவதை என் மேஜையிலிருந்து தினமும் பார்த்தேன். கழுத்துப் பிடிப்போடு கிறுகிறுப்பும் வருகிறது என்று சொல்லி வந்தவர்களில் சிலர், நாலைந்து தடவை வந்து போனதும் தெளிவாகிவிட்டதாகச் சொன்னார்கள். தெளியாதவர்கள் திரும்ப வராமல் போயிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. தாராவியின் ஒற்றை அறையிலிருந்து ஏசி அறைக்கு வேலைக்குப் போனவள் நான். அந்த இடத்தில் என் குடும்பத்தில் ஒருவருக்குக் குணமாக வேண்டும், அது என்னால் ஆக வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

அத்தான் விழுந்த மூன்றாம் நாள் சாரிடம் நேரம் வாங்கினேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தவர் பின்கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். “விழுந்ததுலேருந்து பொடதியில ஒரு வலி பிள்ள. முந்தி இருந்த வலி மாதிரி இல்ல. ஆணி அடிச்சாப்ல ஒரே எடத்துல நிக்கி” என்றார். சார் பார்த்துக்கொள்வார் என்று சொன்னேன். சொல்லும்போதே ஒரு சின்ன உறுத்தல் வந்தது. காரணம் எனக்குத் தெரியும். முதல் முறை வருகிறவர்களிடம் நான் நிரப்பி வாங்கும் படிவத்தில், சமீபத்தில் புதிதாகக் கழுத்துவலியோ தலைவலியோ வந்திருக்கிறதா என்று ஒரு கேள்வி உண்டு. ஆமாம் என்று சொன்ன ஒரு பெண்மணியின் கழுத்தில் சார் கையே வைக்கவில்லை. முதலில் ஸ்கேன் எடுத்துவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். எங்களைப் போன்றவர்களுக்கு ஸ்கேன் என்றால் பெரிய ஆஸ்பத்திரி. தேதிக்குக் காத்திருக்க வேண்டும். அதுவரை அத்தான் வீட்டில் உட்கார்ந்திருப்பார். அக்கா என் முகத்தைப் பார்ப்பாள். கிளினிக்கில் அத்தானின் படிவத்தை நானே நிரப்பி, அந்தக் கேள்விக்கு நேரே இல்லை என்று டிக் செய்தேன்.

சார் படிவத்தை மேலோட்டமாகப் பார்க்கிறவர் அல்ல. அத்தானை உட்காரவைத்து, கண்ணைப் பார்த்து, கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, இந்தியில் வாய்விட்டே கேட்டார்: கீழே விழுந்த பிறகு புதிதாக ஏதாவது வலி? அத்தான் என்னைப் பார்த்தார். அவருக்கு இந்தி என்னைவிட நன்றாகத் தெரியும். கேள்வி புரியாமல் பார்த்த பார்வை இல்லை அது. நீ இங்கே வேலை செய்கிறவள், என்ன சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும் என்கிற பார்வை. “இல்ல சார், பழைய வலிதான்” என்று இந்தியில் நான் சொன்னேன். அத்தான் தலையசைத்தார். சார் அவரை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு உள்ளங்கைகளிலும் தலையை ஏந்திக்கொண்டு, மெதுவாக அப்படியும் இப்படியும் அசைத்து, பிறகு ஒரே திருப்பாகத் திருப்பினார். நான் நூறு முறை கேட்ட சத்தம்தான் கேட்டது.

எழுந்து உட்கார்ந்த அத்தான் சிரித்தார். “லேசா இருக்குட்டி” என்றார். வெளி பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டு நான் அடுத்த ஆளின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். விக்கல் சத்தம் கேட்டது. தண்ணீர் கொடுத்தேன். குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. “ரெண்டு ரெண்டாத் தெரியுது” என்றார். அந்தக் குரல் அவருடையதாக இல்லை, யாரோ தொண்டையை நெரிப்பது போல் கரகரத்தது. ஒரு பக்கக் கண்ணிமை தொங்கியிருந்தது. சார் அறையிலிருந்து ஓடிவந்து அவரைத் தாங்கித் தரையில் ஒருக்களித்துப் படுக்கவைத்தார். அவரே ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். கழுத்தெலும்புகளின் வழியாக மூளைக்கு ஏறும் ரத்தக்குழாய் ஒன்றின் உள்தோல் கிழிந்திருக்கிறது. அங்கே கட்டிய ரத்தம் மேலே போய் அடைத்துக்கொண்டது. எப்போது கிழிந்தது என்று கேட்டேன். “சைக்கிளிலிருந்து விழுந்தபோதே கிழிந்திருக்கலாம். கழுத்தைத் திருப்பியபோது கிழிந்திருக்கலாம். விழுந்தபோது கொஞ்சம் கிழிந்து, திருப்பியபோது மிச்சமும் கிழிந்திருக்கலாம். யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது” என்றார். பிறகு, விழுந்த பிறகு புதிதாகக் கழுத்துவலி இருந்ததா என்று அவரும் கேட்டார். அக்கா, “அவுக ஒண்ணும் சொல்லலியே” என்றாள். அவளிடம் அத்தான் சொல்லியிருக்கவில்லை. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சார் அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரிக்கு வந்தார். எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டு கத்தினார்கள். ஒருவர் சட்டையைப் பிடித்தார். கூட்டம் விலகிய பிறகு சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அவர் உன்னிடம் ஏதாவது சொன்னாரா? நான் எதையாவது கவனிக்காமல் விட்டேனா?” என்று கேட்டார். குற்றத்தை என்மேல் தள்ளுவதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். இல்லை சார் என்றேன். அதற்குப் பிறகு அவர் யாருடைய கழுத்தையும் தொட்டு நான் பார்க்கவில்லை. சில மாதங்களில் கிளினிக்கை மூடிவிட்டு ஊரைவிட்டே போனார். போகும்போது எனக்கு ஒரு நல்ல சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பொறுப்பானவள், நோயாளிகளிடம் அக்கறையுள்ளவள் என்று அதில் இருந்தது.

அத்தான் அதன் பிறகு பதினான்கு மாதம் உயிரோடு இருந்தார். நடக்கப் பழகினார், ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து. பேச்சும் ஓரளவு திரும்பியது. விழுங்குவது மட்டும் திரும்பவே இல்லை. மூக்கில் குழாய் போட்டு அதன் வழியாகத்தான் எல்லாம். பிழைப்புக்கு வேறு வழி இல்லாததால் அக்கா இட்லி அவிப்பதை நிறுத்த முடியவில்லை; அவித்து வேறு சைக்கிள்காரர்களுக்குக் கொடுத்தாள். அந்த ஒற்றை அறையில், ஆவி பறக்கிற இட்லித் தட்டுகளுக்கு நாலடி தள்ளிக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அத்தான் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அக்கா குளிக்கப் போயிருந்த நேரத்தில், ஒரு துண்டு இட்லியைப் பிய்த்து வாயில் வைத்துக்கொண்டு, மெல்லாமல், விழுங்காமல், கண்ணை மூடியபடி அவர் உட்கார்ந்திருந்ததை நான் வாசலிலிருந்து பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்தார். கைத்துண்டில் துப்பிவிட்டு, “உங்கக்காகிட்ட சொல்லிராத” என்றார். நான் சொல்லவில்லை.

எத்தனையோ முறை அவர் பக்கத்தில் தனியாக இருந்திருக்கிறேன். அன்றைக்கு பஸ்ஸில் சொன்னீங்களே அத்தான் என்று ஆரம்பிக்க வாய்வரை வரும். அவராக ஒருமுறைகூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. என்னைப் பார்த்த பார்வையிலும் ஒரு மாற்றமும் இல்லை. மறந்துவிட்டாரா, மன்னித்துவிட்டாரா, அல்லது பதில் சொல்லியிருக்க வேண்டியவர் தான்தான் என்று தன்மேலேயே போட்டுக்கொண்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எச்சிலோ குழாயில் விடுகிற கஞ்சியோ நுரையீரலுக்குள் போய்ச் சளி கட்டிவிடும் என்று டாக்டர்கள் எச்சரித்தபடியே மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. நாலாவது நாள் போய்விட்டார்.

இப்போது கோவண்டியில் ஒரு கூரியர் ஆபீசில் வேலை செய்கிறேன். அத்தான் போய் ஒரு வருஷம் கழிந்த பிறகு, போன மாதம், இனிமேல் தாங்க முடியாது என்று தோன்றி, அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் அவர் சொன்ன வலி, நான் போட்ட டிக், சார் கேட்டதற்கு நான் சொன்ன பதில், ஆஸ்பத்திரியில் சொன்ன பொய். மாவைக் கரைத்துக்கொண்டிருந்த கையை எடுக்காமல் அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள். அடிப்பாள், அழுவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அதில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால் எனக்கு லேசாகியிருக்கும். அதற்காகத்தான் போனேன் என்று அப்போதுதான் எனக்கே விளங்கியது.

அவள் கையைக் கழுவினாள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள்.

“அவுக தலையெழுத்துன்னு நெனச்சு நான் பாட்டுக்கு இருந்தேன். ஒனக்கு நெஞ்சு தாங்கலன்னு அதையும் வந்து எடுத்துட்டுப் போறியேட்டி. இனி நான் எதை நெனச்சு இருப்பேன்?”

என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் மறுபடி மாவுப் பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.