குழலில் காற்று போகாத துப்பாக்கி

"புளோ லாம்ப்பைப் பத்த வைடா" என்றார் முதலாளி. தீயைப் பீய்ச்சும் அந்த விளக்கை எடுக்காமல் துப்பாக்கியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திண்டுக்கல்லில் லைசென்ஸ் துப்பாக்கி ரிப்பேர் பார்க்கும் கடை அது. எட்டாவதோடு படிப்பை விட்டுவிட்டு அங்கே சேர்ந்தேன். தொண்ணூறுகளில் குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் மசில் லோடர்தான் அதிகம் வரும்.

துப்புவதால்தான் துப்பாக்கி என்று நினைத்திருந்தேன். பேகம்பூர்க்காரரான முதலாளி சிரிப்பார்.

"அது துருக்கிச் சொல்லுடா. துஃபெக். எங்க உருது வாத்தியார் சொன்னாரு. வெடிமருந்து வர்றதுக்கு முந்தி, குழாய்ல உருண்டையப் போட்டு வாயால ஊதிக் குருவி அடிப்பாங்க. அதுக்குத்தான் அந்தப் பேரு. பெறகு வெடிக்கிறதுக்கும் அதே பேராப் போச்சு."

இதைச் சொல்லிக்கொண்டேதான் எந்தக் குழலையும் வாயில் வைத்து ஊதுவார். பின்னால், மருந்துக்குப் பொறி கொடுக்கும் கேப்பை மாட்டுகிற நிப்பிள் என்ற சின்ன மூக்கின் துளையில் நான் விரலை வைத்திருப்பேன். காற்று பட்டால் குழல் சுத்தம்.

அன்று கன்னிவாடி விவசாயி ஒருவர் கொண்டுவந்த துப்பாக்கியை முதலாளி ஊதினார். காற்று வரவில்லை.

"துரு அடைச்சிருக்கு. நிப்பிளச் சூடு காட்டிக் கழட்டு."

"அண்ணே, உள்ள மருந்து இருந்தா?"

"காலிதான் அப்பு," என்றார் விவசாயி. "நானே கேப்பக் கழட்டிட்டேன்ல."

"இவனுக்குப் பட்டாசு வெடிச்சாலே காய்ச்சல் வந்துரும்" என்றார் முதலாளி.

குழலின் வாய் ரோட்டைப் பார்த்து இருந்தது. எதிர்க்கடையில் நாலு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். லாம்ப் பக்கம் கை போகவில்லை. கம்பியை எடுத்துக் குழலுக்குள் விட்டேன். நின்ற இடத்தில் விரலால் பிடித்து, உருவி, குழலுக்கு வெளியே வைத்து அளந்தேன். அடிவரை போகவில்லை. ஒரு சாண் குறைந்தது.

திருகுக் கம்பி போட்டு இழுத்தோம். தேங்காய் நார், ஈயக் குண்டு, அப்புறம் கருமருந்து.

"தோட்டத்துக்குக் காட்டுப்பன்னி எப்ப வரும்னு தெரியாதுல்ல," என்றார் விவசாயி. "கெட்டிச்சே வச்சிருப்போம். கேப்பு இல்லாட்டி வெடிக்காது."

"நெருப்பக் காட்டினா?" என்றேன்.

முதலாளி, அந்தக் குழலில் வைத்து ஊதிய வாயைத் துண்டால் துடைத்தார். திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். கொண்டுவந்தவர் சத்தியமே பண்ணினாலும் முதலில் கம்பி, அப்புறம்தான் நெருப்பு. உங்களைப் பயந்தாங்கொள்ளி என்பார்கள். சொல்லட்டும். சொல்கிறவரும் அந்தக் குழலுக்கு முன்னால்தான் நிற்கிறார்.