துண்டு துண்டாய் ஒரு குரல்

திருப்பதியில் ப்ரியம்வதா டீச்சரிடம் இங்கிலீஷ் படித்தவர்கள் எந்த வார்த்தையையும் மென்று விழுங்க மாட்டார்கள். ஹாஸ்-பி-டல் என்று துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு தரம் கைதட்டி, அதற்குரிய எழுத்துகளையும் சொல்லியாக வேண்டும். விழுங்கினால் தொலைந்தார்கள்.

ஒரு கம்பெனி அவளைக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, ஆயிரக்கணக்கான வார்த்தைகளை இப்படிப் பிரித்துச் சொல்லச் சொல்லிச் செல்போன் ஆப்பில் ஏற்றியது. மறுவருஷம் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷனில் உயிர் தங்கியது, குரல் போய்விட்டது.

ஆப் நிற்கவில்லை. அவள் வாசித்தே இராத வார்த்தைகளையும் அவள் குரலில் பிரித்துச் சொன்னது. ஒவ்வொரு வார்த்தைக்கு முன்னாலும் அவள் மூச்சை இழுக்கும் சத்தம்கூட அப்படியே இருந்தது. இப்போது அவள் மூச்சு விடுவதோ கழுத்துத் துளை வழியாக.

பார்வை போன அம்மா பத்மாசனிக்கு மகளின் ஆபரேஷன் விஷயத்தை யார் சொன்னாலும் மறந்துவிடும்.

அன்று மத்தியானம் ப்ரியம்வதா தயிர்சாதம் பிசைந்து எடுத்துப்போனாள். மாடி வீட்டுப் பிள்ளைகள் ஆப்பைப் போட்டிருந்தார்கள். அம்மா முகம் மலர்ந்து மேலே நிமிர்ந்தாள்.

"ப்ரியா, பாடம் நடத்தினது போறும்டி. பசிக்கறது."

ப்ரியம்வதா அருகில் உட்கார்ந்து அம்மாவின் கையைத் தொட்டாள். அம்மா வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"யாரது? மூச்சு மட்டும் கேக்கறதே... ப்ரியா! சீக்கிரம் வாடி, ஆத்துக்குள்ள யாரோ வந்திருக்கா!"

மாடியில் யாரோ மூச்சை இழுப்பது கேட்டது. பிறகு அந்தக் குரல், "கம்-இங்" என்றது.