முந்திரியை எடுத்துவிட்டால் போதாது

பெரியவளே, சின்னவளே, இதை உங்கள் இரண்டு பேருக்காகத்தான் எழுதுகிறேன். நான் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. படித்தவன். திருமுடிவாக்கத்தில் ஒரு சின்ன கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். லீவ் லெட்டரைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள். கோபமாக எழுதியிருக்கும் இடங்களை மட்டும் அப்படியே விட்டுவிடு.

சின்னவளே, நேற்று சாப்பிடும்போது நீ கேட்டாய், "அத்தை வீட்டுக்கு ஏன்ப்பா நாம போறதே இல்ல?" என்று. நான் தண்ணீர் குடிக்கிற மாதிரி எழுந்து போய்விட்டேன். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அப்போது உனக்கு இரண்டரை வயது. தீபாவளி முடிந்து மறுநாள். பக்கத்து வீட்டில் கொடுத்த ஸ்வீட் டப்பாவிலிருந்து ஒரு முந்திரி கத்லியைப் பாதி கடித்தாய். பத்து நிமிஷம் ஆகியிருக்காது, உதடு வீங்கிவிட்டது. கழுத்து, முதுகு, வயிறு முழுக்கத் திட்டுத் திட்டாகத் தடிப்பு. இரண்டு முறை வாந்தி எடுத்தாய். உன் அம்மா தூக்கிக்கொண்டு ஓட, நான் பைக்கை எடுத்தேன். தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு கிளினிக். அங்கே இருந்த டாக்டர் உன் முகத்தைப் பார்த்தார், ஒரு ஊசி போட்டார், ஒரு சிரப் எழுதினார். ஏதாவது பூச்சி கடித்திருக்கும், இல்லை உடம்புச் சூடு என்றார். தடிப்பு அடங்கிவிட்டது. நாங்களும் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டோம்.

என்ன சாப்பிட்டாள் என்று அவர் கேட்கவே இல்லை. எங்கள் மெஷினில் ஒரு சத்தம் வந்தால்கூட, கடைசியாக என்ன ஜாப் ஓடியது, எந்த டூல் போட்டாய் என்று ஃபோர்மேன் முதலில் கேட்பார். ஒரு குழந்தைக்கு உதடு வீங்கி வந்திருக்கிறது, அந்த ஒரு கேள்வியைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. அதை இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதே மாதிரி இன்னும் இரண்டு முறை வந்தது. ஒரு முறை பாயசம், ஒரு முறை ஹோட்டல் குருமா. குருமாவில் முந்திரி அரைத்து ஊற்றுவார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் குருமாவில் போட்ட காலிஃப்ளவரைச் சந்தேகப்பட்டோம். சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கண் பட்டிருக்கிறது, வயிற்றில் பூச்சி, குழந்தை வயிற்றில் இருக்கும்போது அம்மாக்காரி எதையோ தின்றிருப்பாள் என்று. உன் அம்மா இதைக் கேட்டுவிட்டுச் சமையலறைக்குள் போய்விடுவாள். அவள் அங்கே என்ன செய்தாள் என்று நான் போய்ப் பார்த்ததில்லை. பார்த்திருக்க வேண்டும்.

பிறகு கம்பெனியில் ஒருவர் சொன்னார், ஒரே ரத்தத்தில் எல்லா அலர்ஜியும் பார்க்கிற பேக்கேஜ் இருக்கிறது என்று. ஒரு லேபில் எடுத்தோம். ரிப்போர்ட் கல்யாணப் பத்திரிகை மாதிரி பளபளவென்று வந்தது. பக்கம் பக்கமாகச் சிவப்புப் புள்ளி. முட்டை, பால், கோதுமை, வேர்க்கடலை, கத்தரிக்காய், மீன் எல்லாவற்றுக்கும் சிவப்பு. முந்திரியும் இருந்தது, அந்தக் கூட்டத்தில் ஒன்றாக. விளக்கம் கேட்டதற்குக் கவுண்டரில் இருந்தவர், சிவப்பு இருப்பதை எல்லாம் நிறுத்திவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நிறுத்தினோம். பெரியவளே, உனக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். நீ முட்டை சாப்பிடும்போது கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாய், தங்கை பார்த்துவிடக் கூடாது என்று. தினமும் ஒரு முட்டையும் ஒரு டம்ளர் பாலும் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக ஓடியாடின குழந்தை அவள். முட்டையால் அவளுக்கு ஒரு நாளும் ஒன்றும் வந்ததில்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் கண்ணால் பார்த்துத் தெரியும். இருந்தும் பேப்பரை நம்பினோம். ஏழு மாதம் கஞ்சியும் ரசம் சாதமும்தான். அவளுடைய பழைய கவுன் எல்லாம் தோளிலிருந்து நழுவின. நம் பிள்ளையை நாமே பட்டினி போட்டோம், அதற்குப் பில்லும் கட்டினோம்.

கடைசியில் பெரியவளின் கிளாஸ் டீச்சர்தான், இதற்கென்றே படித்த டாக்டர் இருக்கிறார்கள், அங்கே போங்கள் என்று சொல்லி அனுப்பினார். மின்சார ரயில் ஏறி சிட்டிக்குப் போனோம். அந்த டாக்டரம்மா நான் நீட்டிய ரிப்போர்ட்டை வாங்கி மேஜை ஓரத்தில் வைத்தார்.

"இது இருக்கட்டும் சார். என்ன சாப்ட்டா, எவ்ளோ சாப்ட்டா, எத்தன நிமிஷத்துல வந்துச்சு? அத மட்டும் சொல்லுங்க."

அரை மணி நேரம் கேட்டார். கத்லி, பாயசம், குருமா என்று நான் சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு உறைத்துவிட்டது. பிறகு, சின்னவளே, உன் முழங்கைக்குக் கீழே ஒவ்வொரு சாப்பாட்டுப் பொருளின் சாற்றையும் சொட்டுச் சொட்டாக வைத்து, ஒவ்வொன்றிலும் மெல்லக் குத்தினார். நீ அழவில்லை, எறும்பு கடிக்குதுப்பா என்றாய். கால் மணி நேரத்தில் முந்திரியும் பிஸ்தாவும் வைத்த இடம் மட்டும் கொசு கடித்த மாதிரி புடைத்துக்கொண்டது. முட்டையும் பாலும் வைத்த இடம் வெறுமனே இருந்தது. ரத்தத்தில் சிவப்பு காட்டுவதெல்லாம் அலர்ஜி ஆகிவிடாது, சாப்பிட்டு ஒன்றும் வராத பொருளை யாரும் நிறுத்தச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். அன்று சாயங்காலம் நீ சாப்பிட்ட அவித்த முட்டையை நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து பார்த்தோம்.

ஆனால் முந்திரி விஷயத்தில் அவர் சிரிக்கவே இல்லை. கண்ணில் தெரிகிற முந்திரி மட்டும் இல்லை, அது வறுத்த நெய், அது பட்ட கரண்டி, எல்லாமே ஆபத்து என்றார். மூச்சு திணறினாலோ குரல் மாறினாலோ சிரப்பைத் தேடக் கூடாது, தொடையில் ஊசி போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றார். மருந்து அளந்து அடைத்த அந்த ஊசியைத் தேடி நாலு மருந்துக் கடை ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர், இதையெல்லாம் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது சார் என்று எனக்குப் புத்தி சொன்னார். ஒரு வழியாகக் கிடைத்தது. வெறும் சிரிஞ்சை வைத்து ஒரு சாத்துக்குடியில் குத்திக் குத்திப் பழகினேன்.

நெய், கரண்டி என்று டாக்டர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது. லேத்தில் வார்ப்பிரும்பு கடைந்த பிறகு அலுமினியம் போட வேண்டுமென்றால், கண்ணில் பட்ட தூளை மட்டும் தள்ளிவிட்டால் வேலை கெட்டுவிடும். சூடு தணிக்க ஊற்றுகிற கூலன்ட் ஆயிலில் கலந்த பொடி அலுமினியத்தில் கோடு போட்டுவிடும். தொட்டியைக் காலி செய்து கழுவ வேண்டும். இது என் தொழில். எனக்கே தெரிந்த விஷயம். அதனால்தான் அடுத்து நடந்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கூடுவாஞ்சேரியில் அத்தை ஃப்ளாட் வாங்கி கிரகப்பிரவேசம் வைத்தாள். அவள் என் ஒரே அக்கா. விடியற்காலையிலேயே போனோம். பரிசாக ஒரு எவர்சில்வர் சட்டியும் மூடியும் கரண்டியும் வாங்கியிருந்தேன். பேர் வெட்ட நேரமில்லாமல் பைக் பெட்டியிலேயே வைத்திருந்தேன். பால் காய்ச்சினார்கள். புது அடுப்பில் அத்தையே சர்க்கரைப் பொங்கல் வைத்தாள். நெய்யில் முந்திரி வறுத்து, அந்த நெய்யோடு மேலே கொட்டிக் கிளறினாள். நான் மாமாவோடு கீழே தண்ணீர் கேன் தூக்கப் போயிருந்தேன்.

அந்த நேரத்தில் அத்தை உனக்கு ஒரு தட்டில் பொங்கல் வைத்து, அதிலிருந்த முந்திரியை எல்லாம் விரலால் பொறுக்கித் தன் வாயில் போட்டுக்கொண்டு, "இப்ப சாப்புடு தங்கம், ஒண்ணும் ஆவாது" என்று கொடுத்திருக்கிறாள். நீ வேண்டாம் என்று சொன்னாயாம். அத்தை பாசமாகக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லலாமா என்று பக்கத்தில் யாரோ கேட்டார்களாம். ஐந்து வயதுக் குழந்தை வேறு என்னதான் செய்யும்?

பெரியவள் மூன்று மாடி இறங்கி ஓடி வந்தாள். "அப்பா, பாப்பா குரல் வேற மாதிரி வருது." உன் அக்கா அன்று கவனித்ததை அந்த ஹாலில் இருந்த முப்பது பெரியவர்கள் கவனிக்கவில்லை. இதை நீ மறக்கக் கூடாது.

நான் மேலே போனபோது நீ இருமிக்கொண்டிருந்தாய், நாய் குரைக்கிற மாதிரி ஒரு இருமல். கண் இரண்டும் வீங்கியிருந்தது. ஒருவர் மோர் கொடுக்கச் சொன்னார், ஒருவர் திருநீறு எடுத்து வந்தார், ஒருவர் உன்னை எழுப்பி நடக்க வைக்கப் பார்த்தார்.  உன் அம்மா பையைத் திறந்து ஊசியை என் கையில் வைத்தாள். பட்டுப்பாவாடையை ஒதுக்கினேன். சாத்துக்குடி ஞாபகம் வந்தது. குத்தினேன். என் முதுகுக்குப் பின்னால், "இவன் இன்னா டாக்டரா? நல்ல நாளும் அதுவுமா ஊசி போட்டுக்கினு" என்று ஒரு குரல் கேட்டது. யார் என்று திரும்பிப் பார்க்க எனக்கு நேரமில்லை.

மாமா காரை எடுத்தார். ஜி.எஸ்.டி. ரோட்டில் உள்ள ஆஸ்பத்திரிக்குள் போகும்போதே உன் மூச்சு கொஞ்சம் சீரானது. அங்கே இருந்த டாக்டர், ஊசி போடாமல் வந்திருந்தால் வழியிலேயே கஷ்டமாகியிருக்கும் என்றார். மூச்சுத் திணறல் திரும்ப வரலாம் என்று சாயங்காலம் வரை வைத்துப் பார்த்தார்கள்.

மத்தியானம் அத்தை வந்தாள். கிரகப்பிரவேசப் புடவையிலேயே வந்தாள். நான் வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கத்தினேன். இத்தனை முறை சொல்லியும் உனக்கு விளையாட்டா, என் குழந்தை உயிர் உனக்கு இளப்பமா என்று என்னென்னவோ கேட்டேன். அவள் அழுதுகொண்டே ஒன்றுதான் சொன்னாள்.

"முந்திரிய எடுத்துட்டுதான்டா குடுத்தேன். நீதான போன்ல அப்படி சொன்ன?"

 ஆமாம், நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

கிரகப்பிரவேசத்துக்கு நாலு நாள் முன்பு அவள் போன் செய்து, சின்னவளுக்கு ஏதாவது தனியாகச் செய்யட்டுமா என்று கேட்டாள். அக்கா வீட்டு விசேஷம். முதல் முதலாகச் சொந்த வீடு. பொங்கலில் முந்திரி போடாதே, தனிப் பாத்திரம் வை என்று எப்படிச் சொல்வது என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. ரொம்பத்தான் பண்ணுகிறான் என்று மாமா வீட்டு ஆட்கள் சொல்வார்களே என்று பயம். "அதெல்லாம் ஒண்ணும் வேணாம்க்கா. முந்திரிய மட்டும் எடுத்துட்டு குடு, போதும்" என்று சொல்லிவிட்டேன். கூலன்ட் தொட்டியைக் கழுவத் தெரிந்தவன் சொன்ன வார்த்தை அது.

அந்தக் கிளினிக் டாக்டர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. லேப் மேல் இருக்கிறது. நாங்க எல்லாம் தின்னு வளரலையா என்று கேட்கிற ஒவ்வொருவர் மேலும் இருக்கிறது. அத்தை மேலும் கொஞ்சம் இருக்கிறது, வேண்டாம் என்று நீ சொன்னதை அவள் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவர்களுக்கெல்லாம் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் மரியாதைக்குப் பயந்து பாதியைச் சொன்னேன். அந்தப் பாதிதான் உன் தொண்டையை அடைத்தது.

ஆறு மாதமாக நாம் அங்கே போகாததற்குக் காரணம் இதுதான் சின்னவளே. அத்தை நம்மை ஒதுக்கவில்லை. அவளை எப்படிப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நீ கேட்ட பிறகு நேற்றே அவளுக்குப் போன் செய்தேன். இந்த முறை முழுதாகச் சொன்னேன். வீட்டில் முந்திரியே எடுக்காதேக்கா, எடுத்தால் அவளை அனுப்ப மாட்டேன் என்றேன்.  "ஞாயித்துக்கிழம வா. என்ன பண்ணணும்னு எழுதிக் குடு" என்றாள்.

இன்று மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியில் எல்லோரும் வெளியே போனதும், பைக் பெட்டியிலேயே கிடந்த அந்த எவர்சில்வர் சட்டியை எடுத்து வந்தேன். கடைக்காரர் சுற்றிக் கொடுத்த பேப்பர்கூடப் பிரிக்காமல் இருந்தது. எழுத்து வெட்டுகிற மெஷினைப் போட்டேன். கொடுத்தவர் பேர் இருக்க வேண்டிய இடத்தில், "சின்னவளுக்கு மட்டும். முந்திரி பட்ட எதுவும் இதில் படக் கூடாது" என்று வெட்டினேன். மூடியிலும் வெட்டினேன். கரண்டிக் காம்பில் இடம் போதவில்லை, "சின்னவள்" என்று மட்டும் வெட்டினேன். ஒரு எழுத்து கோணலாகிவிட்டது, அதை அப்படியே விட்டுவிட்டேன். பிசிறு கையில் குத்தாமல் இருக்க எமரி பேப்பர் வைத்துத் தேய்த்தேன். குழாயடியில் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவி, மெஷின் துடைக்கிற துணியால் துடைக்காமல், வெயிலில் கவிழ்த்துக் காய வைத்தேன்.