வாய்க்கரிசி நேரத்தில் அணைந்த போன்

புதுப் போன் வாங்கும்போது நான் கமராவை மட்டும்தான் பார்த்தேன். அந்தப் போன் சீக்கிரம் சூடாகும் என்று வெள்ளவத்தைக் கடைக்காரர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. பற்றரி நீண்ட நேரம் நிற்க வேண்டும் என்று மலிவான போன் வாங்கிய மனைவியைக் கேலியும் செய்தேன்.

அப்பாவின் இறுதிச் சடங்கு பொரளை மயானத்தில், நல்ல வெயிலில் நடந்தது. கனடாவிலிருந்து வர முடியாத அண்ணா என் போனில், வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அதைப் பிடித்திருந்தாள். நான் வாய்க்கரிசி போடக் குனிந்தபோது போன் சூடேறி அணைந்துவிட்டது. அவள் உடனே தன் போனில் அவரை அழைத்தாள்.

“படம் மங்கலா இருக்கு, அத்தான்,” என்றாள் அண்ணாவிடம்.

“பரவாயில்லை பிள்ளை, கட் பண்ணாதேங்கோ. தம்பியை எனக்காகவும் ஒரு பிடி போடச் சொல்லுங்கோ.”

போட்டேன்.

அந்த மங்கலான நிமிடங்களுக்காக அண்ணா இன்றும் அவளுக்கு நன்றி சொல்வார். அன்று காலை நான் படம் எடுத்த அப்பாவின் முகம் என் போனில் மிகத் தெளிவாக இருக்கிறது. அதை அண்ணா ஒருநாளும் கேட்டதில்லை.