எறா வாசத்துக்கு நின்ற வண்டி

நிலக்கரி வண்டி கடந்து போனால் எங்கள் வீட்டுத் தயிர்ச்சோற்றில் மிளகு தூவியதுபோல் கரித்தூள் விழும். அதை ஊதிவிட்டுச் சாப்பிடுவதா, மிளகு என்றே நம்பிச் சாப்பிடுவதா என்பதுதான் என் வாழ்வின் முதல் தத்துவச் சிக்கல்.

எண்ணூரைத் தாண்டி, உப்பங்கழியோரமாக, ஒரு தகரக் கூரையை மட்டுமே நம்பி நின்ற அந்த ரயில் நிறுத்தத்தில் என் அப்பா ‘ஏஜென்ட்டு’. அதாவது, விற்ற டிக்கெட்டுக்குக் கமிஷன் மட்டும் வாங்கிக்கொண்டு, சம்பளம் வாங்குகிறவரைவிட விறைப்பாக நிற்பவர். பள்ளிக்கூடத்தில் நான் அவரை ஸ்டேஷன் மாஸ்டராக்கி வைத்திருந்தேன்.

அங்கே வண்டி நின்றதே மீன்காரப் பெண்களுக்காகத்தான். விடியலில் கழியில் பிடித்த எறா என்கிற இறாலையும் மடவை மீனையும் அலுமினிய ‘அன்னக்கூடை’யில் நிரப்பிக் கடைசிப் பெட்டியில் ஏறி, ராயபுரம் போய்த் தெருத்தெருவாக விற்பார்கள். அவர்களில் மூத்தவரான கன்னியம்மா ஒரு காலைப் படியிலும் மறு காலைத் தரையிலும் வைத்து நிற்பார். கடைசிக் கூடை ஏறும்வரை அந்தக் கால் தரையை விட்டு எழும்பாது; கார்டும் பச்சைக்கொடி காட்டமாட்டார். விசையைப் பற்றிப் பிற்பாடு நான் படித்ததெல்லாம் அந்தக் காலுக்கு அடிக்குறிப்புத்தான்.

ஆள் ஏறாத நிறுத்தங்களை மூடப்போவதாகப் பேச்சு கிளம்பி, நேரில் பார்க்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. மூடினால் கூடையைச் சுமந்து மணலில் எண்ணூர்வரை நடக்க வேண்டும். போய்ச் சேர்வதற்குள் எறா கெட்டுவிடும்.

அப்பாவின் மூளை வேலை செய்தது. “யக்கா, நாளைக்கு ஒர்த்தரும் கூடை எட்தாராதீங்க. கலீஜா நாறுனா சாரு பேஜாராயிடுவாரு. டீசன்ட்டா வந்து நில்லுங்க.”

“மீனு இல்லாம எதுக்குடா ஏஜென்ட்டு ரயிலேறப் போறோம், ஊரு சுத்தவா?” என்றார் கன்னியம்மா. ஆனாலும் கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் பட்டுப்புடவையும் மல்லிகையுமாகக் குப்பமே திரண்டு நின்றது. எனக்கும் பவுடர் பூசி, மாவில் புரட்டிய நெத்திலி மாதிரி நிறுத்தியிருந்தார்கள். இறங்கிய அதிகாரி சுற்றிலும் பார்த்தார்.

“கல்யாணக் கூட்டத்தை நம்பி வண்டிய நிறுத்த முடியுமாங்க? தினம் யார் ஏறுறாங்க?”

கன்னியம்மா முன்னால் வந்து, உள்ளங்கையை அதிகாரியின் மூக்குக்கு நேராக நீட்டினார்.

“மோந்து பாரு நைனா. புளியும் போட்டுத் தேச்சாச்சி, சோப்பும் போட்டாச்சி. போச்சான்னு நீயே சொல்லு.”

பின்னாலேயே மற்றக் கைகளும் வளையல் குலுங்க நீண்டன. பின்வாங்கிய அதிகாரி, வேறு வழியில்லாமல் மெல்லக் குனிந்து முகர்ந்தார்.

“எறாவா?” என்றார்.

“அது நேத்தி. இன்னிக்கிதான் உன்னால வேவாரம் போச்சே!”

அவர் சிரித்துவிட்டார். அதற்குப்பின் பல வருடம் வண்டி நின்றது. எத்தனையோ நேர்முகத் தேர்வுகளில் சான்றிதழ்களை நீட்டி நான் சாதிக்காததை, வெறுங்கையை நீட்டிச் சாதித்தவர் கன்னியம்மா.

இப்போது அங்கே தகரக் கூரையும் இல்லை, கன்னியம்மாவும் இல்லை. வண்டி வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. ஒருநாள் மூடியாயிற்று என்று பலகை மாட்டினார்கள், அவ்வளவுதான். கன்னியம்மாவின் மருமகள் ஷேர் ஆட்டோக்காரர்களிடம் கெஞ்சிக் கூடையை ஏற்றிக்கொண்டிருந்தபோது, “மூடும்போது யாரும் ஒன்றும் கேட்கவில்லையா?” என்றேன்.

“யார்னா ஒர்த்தர் நேர்ல வந்தாதானேண்ணா கைய நீட்ட முடியும்?” என்றார்.