பால்காரம்மா நடத்திய கல்யாணம்

நான்கு பேர் கூடி நின்றால் பால்காரம்மாவின் குரல் வெளியே வராது. பத்தொன்பது வயதில் மருமகளாக அந்தப் பண்ணைக்கு வந்தவள், இருபத்தாறு வருடமாக மாடுகளோடுதான் அதிகம் பேசியிருக்கிறாள். அப்படிப்பட்டவள் இருநூறு பேர் வரும் கல்யாணத்துக்கு இடம் கொடுத்தாள் என்றால், அதற்குக் காரணம் நாத்தனார்.

பண்ணையில் பாதி நாத்தனாருடையது. டவுனில் இருக்கும் அவளுக்குத் தன் பங்கை விற்றுவிட வேண்டும். பாதி போனால் மீதியில் மாடு வளர்க்க முடியாது. நூற்றைம்பது வருடத்துக் கல் களஞ்சியமும் பெரிய மரங்களும் இருக்கின்றனவே, இங்கே கல்யாணம் நடத்த ஆட்கள் வருவார்கள் என்று பால்காரம்மா தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தாள்.

"சரி அண்ணி, ஒரே ஒரு கல்யாணம் நடத்திக் காட்டுங்க. சொதப்பிடுச்சுன்னா வித்துடலாம்," என்றாள் நாத்தனார்.

டவுனிலிருந்து ஒரு குடும்பம் இடம் கேட்டு வந்தது. களஞ்சியத்துக்கு ஒட்டடை அடித்தாயிற்று. மர நிழலில் வைக்கோல் கட்டுகளை இருக்கைகளாக வரிசை போட்டாயிற்று. கல்யாணப் பெண்ணுக்குக் களஞ்சியத்தின் முகப்பில் தொங்கிய பழைய மணி பிடித்துப்போய், தாங்கள் கைகோர்க்கும்போது அதை அடிக்க வேண்டும் என்றாள். பால்காரம்மா கயிறு தாங்குமா என்று இழுத்துப் பார்த்து, புதுக் கயிறே மாற்றினாள். அந்த மணியைத் தினமும் யாருக்காக அடிக்கிறோம் என்பது மட்டும் அவளுக்கு உறைக்கவில்லை.

மாடுகளை மேட்டுப் புல்வெளியில் அடைத்து, கணவரை அதன் வாயிலில் காவல் வைத்தாள்.

கல்யாணத்தன்று நாத்தனார் கடைசி வரிசையில் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெண்ணும் மாப்பிள்ளையும் கைகோர்த்தார்கள். பெண்ணின் தாய்மாமன் மணியைக் கணீரென்று அடித்தார்.

அது பால் கறக்கும் நேரத்துக்கு மாடுகளைக் கூப்பிடும் மணி. மேட்டில் நின்ற கணவரின் கை, பழக்க தோஷத்தில் தானாக வாயில் கொக்கியை எடுத்துவிட்டது. பதினான்கு மாடுகளும் வரிசையாக இறங்கின. தொழுவம் மேடைக்குப் பின்னால் இருந்தது. அவை போகும் வழி, மணமக்களுக்காக விட்டிருந்த நடைபாதை.

கூட்டம் எழுந்துவிட்டது. ஒருவர் கைக்குட்டையை வீசி விரட்டினார். மாடு மிரண்டு ஓடினால் மேடை மிஞ்சாது. பால்காரம்மா மேடைக்கு முன்னால் ஓடி நின்றாள். எங்கிருந்தோ அவளுக்குக் குரல் வந்தது.

"எல்லாரும் உக்காருங்க. யாரும் விரட்டாதீங்க. அதுங்க பாட்டுக்குப் போயிடும்."

உட்கார்ந்தார்கள். முன்னால் வந்த மாடு மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு வாய் வைக்கோல் உருவியது. அவர் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார். அடுத்தது பூச்செண்டை மோந்து பார்த்தது. பெண் சிரித்துக்கொண்டே அதை நீட்ட, அப்படியே தின்றுவிட்டது.

"நம்ம சொந்தக்காரங்க கூட இவ்வளவு ஒழுங்கா வரல," என்றார் பெண்ணின் அப்பா. சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று.

கணவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "மணி அடிச்சுது. தொறந்துட்டேன்," என்றார்.

மடி கனத்த மாடுகள் காத்திருக்காது. எல்லாம் போயிற்று என்று நினைத்தபடியே பால்காரம்மா புதுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கறக்க உட்கார்ந்தாள். தொழுவத்து வாசலில் மாப்பிள்ளையின் அத்தை, தன் மகள் கல்யாணத்துக்கு எந்த மாதம் இடம் காலியாக இருக்கும் என்று நாத்தனாரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

அவளை அனுப்பிவிட்டு நாத்தனார் உள்ளே வந்தாள். எத்தனையோ வருடம் கழித்து ஒரு மாட்டின் அருகில் குந்தி உட்கார்ந்தாள்.

"அடுத்த தடவை நாற்காலி போட்டுடலாம் அண்ணி. வைக்கோல் குத்துது."

பால்காரம்மா இன்னொரு வாளியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.