மேல்வயலுக்கு அடித்த எண்ணெய்

சேவூரில் எங்கள் இரண்டு வயல் நெல்லுக்கும் இலையெல்லாம் புள்ளி விழும் குலைநோய் வந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன பருவத்தில் பூஞ்சண மருந்தின் நெடியில் மூச்சுத்திணறி என் மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அதனால் இந்த முறை எலுமிச்சைப்புல் எண்ணெய் வாங்கினேன். சோப்புத் தண்ணீரில் அளவாகக் கலக்கும்படி ஆரணிக் கடைக்காரர் சொல்லியிருந்தார். பயத்தில் இரண்டு மடங்கு ஊற்றி, உச்சிவெயிலில் மேல்வயல் முழுக்கத் தெளித்துவிட்டேன்.

மறுநாள் பயிர் வெந்துபோயிருந்தது.

“நோயால இப்டி ஆச்சா, நீங்க ஊத்துனதாலயா?” என்று மனைவி கேட்டாள்.

“நான்தான் அவசரப்பட்டு கெடுத்துட்டேன்.”

அவள், “கீழ்வயலுக்காவது அளந்து ஊத்துங்க” என்றாள்.

அன்று மாலையே அளந்து தெளித்தேன். கீழ்வயலில் புள்ளிகள் மேலும் பரவவில்லை. மேல்வயலை அறுத்து மாட்டுக்குப் போட்டோம். அறுக்கும்போது அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.